1729-உடன் நின்றுவிடலாமா?

இராமானுஜன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1729 மட்டுமே. மருத்துவமனையில் அவரைக் காண வாடகைக் காரில் வந்த ஹார்டியின் கதையை எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம்! அந்தக் கதையோடு நாம் நின்றுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதோ இன்னோர் எண்: 6,746,328,388,800. இதை மீதமின்றி வகுக்கும் எண்கள், அதாவது இதன் காரணிகள், மொத்தம் 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. 12-உம் இந்தக் குடும்பம்தான். அதற்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 60-உம் 360-உம் அப்படியே. மணியையும் வட்டத்தையும் பங்கிட எளிதாக இருப்பது இதனால்தான்.

கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1915-இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் ஆய்விதழில் இத்தகைய எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதிலுள்ள பட்டியலின் கடைசி எண்ணே மேலே சொன்னது. இந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது.

சுபாங் ஜெயாவில் ஓர் உணவகத்தில் அமர்ந்து, அந்த 10,080-ஐ நானே சரிபார்த்தேன். எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வரும். ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 7×5×3×3×2×2×2×2×2. விடை 10,080! அருகிலிருந்த நண்பன் சிரித்தான். "பகா எண்ணா? அதெல்லாம் ஆறாம் ஆண்டோட முடிஞ்சி போச்சுடா!"

அவனும் என்னைப்போல் தமிழ்ப்பள்ளியில் படித்தவன்தான். படிவம் ஒன்றில் எங்களுக்கு அது 'நொம்போர் பெர்டானா' ஆனது. பல்கலைக்கழகத்தில் 'பிரைம்' ஆனது. இரண்டும் நமக்கு வேண்டும். ஆனால், பகுக்க முடியாத எண் என்று தன் பொருளைத் தானே சொல்லும் சொல்லை ஏன் கைவிட்டோம்? தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சம்தான்.

இராமானுஜனும் தவறினார். அவர் பட்டியலில் 293,318,625,600 விடுபட்டுவிட்டது. அதை 23-ஆல் பெருக்கினால் வருவதே அவருடைய கடைசி எண்! கையால் போட்ட கணக்கில் ஒன்று விடுபட்டதால் அக்கட்டுரையின் பெருமை குறையவில்லை.

நம் தமிழ் விழாக்களில் பட்டிமன்றமும் கவிதையும் இருக்கட்டும். அவற்றோடு தமிழில் கணக்குப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களையும் அழைப்போம். படிவம் ஒன்றுக்குப் போகும் முன், தமிழ்க் கணக்கு அதோடு முடிவதில்லை என்பதை அவர்கள் நம்மிடம் பார்க்கட்டும்.

இந்த இதழில் கணக்கைப் பற்றி நான் எழுதிவிட்டேன். அடுத்த இதழில் எழுதப்போவது யார்?