பேப்பர் கப்பும் "துணிப்பை"யும் பிளாஸ்டிக் இல்லையா?



நம் வீட்டு விசேஷங்களில் இப்போது ஒரு பெருமை பேசுகிறார்கள். "நாங்கள் பிளாஸ்டிக்கே வைக்கவில்லை. டீ பேப்பர் கப்பில், தாம்பூலம் துணிப்பையில்" என்று. அந்த இரண்டிலும் பிளாஸ்டிக் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கப். வெறும் காகிதத்தில் டீ ஊற்றினால் ஊறிக் கிழிந்துவிடும். ஊறாமல் இருக்கத்தான் உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் ஒட்டுகிறார்கள். ஒரு கப்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு மறுநாள் உரித்துப் பாருங்கள், படலம் தனியாகத் தெரியும். சூடான பானம் 100 மில்லி அதில் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் கண்டார்கள். தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் வந்த தடைப் பட்டியலில் இந்தக் கப்பும் உண்டு. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கப் மீதான தடை செல்லும் என்று 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது.

அடுத்து அந்த "துணிப்பை". ஜவுளிக்கடையில் தரும் கலர் பை பெரும்பாலும் தறியில் நெய்ததல்ல. பாலிபுரொப்பிலீனை உருக்கி, இழையாக்கி, சூட்டில் அழுத்தி ஒட்டியது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள் (பிள்ளைகள் செய்ய வேண்டாம்). பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். இதுவோ சுருங்கி உருகும்; ஆறினால் கெட்டியாகி நிற்கும்.

அதற்காக, "இயற்கை எல்லாம் நல்லது, செயற்கை எல்லாம் விஷம்" என்று வாட்ஸப்பில் சுற்றுகிற கட்சியிலும் நான் இல்லை. மலை மழைக்குத் தார்ப்பாய் வேண்டும். தண்ணீர் கொண்டுவர பைப் வேண்டும். அவை வருஷக்கணக்கில் உழைக்கின்றன. காப்பிக்கொட்டைக்குச் சணல் சாக்குதான் சரி, காற்று போய்வர வேண்டுமே! பருத்தியும் சும்மா விளைவதில்லை. தண்ணீர், உரம், பூச்சிமருந்து எல்லாம் வாங்கித்தான் விளைகிறது. ஒரே தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப்பை மேல் என்று சொல்ல, புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் அதை 131 தடவை பயன்படுத்த வேண்டும். இது பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட கணக்கு. கல்யாணத்துக்குக் கல்யாணம் மஞ்சப்பை வாங்கி பீரோவில் அடுக்குகிறவர்களும் இதை யோசியுங்கள். பை நல்லதாவது தூக்கிக்கொண்டு நடக்கும்போதுதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். எத்தனை நேரம் பயன்படுகிறது? அதன்பின் எத்தனை காலம் கிடக்கிறது? டீ கப் ஐந்து நிமிடம் பயன்படுகிறது. அதன் படலம் நம் ஆயுளைத் தாண்டிக் கிடக்கும். நம் மலையில் சரிவில் வீசியது மழையில் ஓடைக்கு இறங்கும். சாப்பாட்டு வாசனை ஒட்டிய பையை மாடு பையோடு விழுங்கும். ஊர் மாடு, காட்டு மாடு என்ற வித்தியாசம் இல்லை. குவித்துக் கொளுத்தினால் புகை நம் மூக்குக்கே.

"டம்ளரை யார் கழுவுவது?" என்று கேட்பீர்கள். பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. கப் வாங்கும் காசோடு கொஞ்சம் சேர்த்து இரண்டு பேருக்கு நல்ல கூலி கொடுங்கள். மேடை அலங்காரத்துக்குக் கணக்குப் பார்க்காதவர்கள் இதற்கு மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? சுத்தம்தான் கவலை என்றால் டம்ளரை வெந்நீரில் அலசச் சொல்லுங்கள்.

அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போதே எவர்சில்வர் டம்ளருக்கும் சொல்லிவிடுங்கள். தாம்பூலத்தைக் கையில் கொடுங்கள்; பை வேண்டியவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும். ஏற்காடு பார்க்க வரும் மாணவர்களே, உங்களுக்கும் இதுதான். வீட்டுக்கு வந்தால் டம்ளரில் காப்பி உண்டு. கப்பை மட்டும் கொண்டுவராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
வெள்ளக்கடை.