வாரம் யாருக்குச் சொந்தம்?

வேலை உயர்ந்தது, படிப்பு பயனுடையது, படமும் பந்தும் வீண்பொழுது என்று சொல்லும் ஒரு தராசு நம் சமூகத்தில் நெடுங்காலமாகத் தொங்குகிறது. பெற்றோர் அதிலே பிள்ளைகளை நிறுக்கின்றனர். அதிபர்கள் ஆசிரியர்களை நிறுக்கின்றனர். முற்போக்காளர் எனத் தம்மைக் கருதுவோரிலும் ஒரு சாரார், சினிமாவும் கிரிக்கெற்றும் மக்களை மயக்கும் அபின் என்று கூறி அதே தராசைத் தூக்குகின்றனர். அது பொய்த்தராசு என்பதே நமது வாதம்.

சென்ற வாரத்தையே எடுத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.30இலிருந்து பிற்பகல் 1.30 வரை வகுப்பறையில் நின்றோம். விடைத்தாள் திருத்துவதில் மாலைகள் கழிந்தன. இரண்டு இரவுகளில் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட 'பியோண்ட் எ பவுண்டரி' என்னும் கிரிக்கெற் நூலைப் படித்தோம். வெள்ளி இரவு நண்பர்களுடன் 'பொன்மணி' திரைப்படத்தைப் பார்த்தோம். சனி மாலை சனசமூக நிலைய மைதானத்துக்குக் கரப்பந்தாட்டம் பார்க்கச் சென்றோம். இவற்றுள் எது வீண்பொழுது?

ஜேம்ஸ் றினிடாட்டிற் பிறந்த மார்க்சியவாதி. மேற்கிந்திய அணியின் பெருமைக்கு உழைத்தோரிற் பலர் கறுப்பினத்தவர். தலைமைப் பதவியோ வழக்கமாக வெள்ளையருக்கே உரியதாயிருந்தது. பிராங் வொரலைத் தலைவராக்க வேண்டுமெனத் தாம் ஆசிரியராயிருந்த பத்திரிகையில் ஜேம்ஸ் இடைவிடாது வாதாடினார். 1960-61 அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் வொரல் தலைமை ஏற்றார். ஒரு தொடர் முழுவதற்கும் மேற்கிந்திய அணியை நடத்திய முதற் கறுப்பினத்தவர் அவரே. றினிடாட்டும் ஜமெய்க்காவும் சுதந்திரம் பெற்றது 1962இல். பந்தையும் மட்டையையும் அபின் என்று ஜேம்ஸ் ஒதுக்கியிருந்தால், மைதானத்தில் நடந்த அந்த விடுதலைப் போரில் அவருக்கு என்ன பங்கு இருந்திருக்கும்?

'பொன்மணி'யை 1977இல் தமிழில் இயக்கியவர் சிங்களக் கலைஞரான தர்மசேன பத்திராஜ. யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் அப்படம் பேசுகிறது. மேடையில் இவற்றைக் கண்டிக்கும் நம்மவர் பலர் தம் வீட்டுக் கலியாணப் பேச்சில் மௌனிகளாகின்றனர். அந்த மௌனத்தின் முன்னே ஒரு நல்ல படம் விளக்கேற்றி வைக்கிறது. வணிகச் சினிமாவின் பொய்களை நாம் மறக்கவில்லை. ஆனால், பொய்யைப் பொய்யென்று காணும் கண், படம் பார்த்துப் பழகிய கண்ணாகவே இருக்க முடியும்.

இனிக் கரப்பந்தாட்டம். ஓர் அணிக்கு ஆறு பேர் வேண்டும். வந்தவர்கள் நால்வர். மற்றவர்கள் ரியூட்டரியில் இருந்தனர். ஞாயிறும் அவர்களுக்கு அங்கேதான். மைதானத்தை அடுத்த வாசிகசாலையிற் பத்திரிகைகள் மடிப்புக் கலையாமற் கிடந்தன. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி நம் நாட்டு ஏழை மக்களின் பெரும் செல்வம். வகுப்பறையில் இலவசமாகக் கிடைக்க வேண்டியதையே இன்று மாலையில் விலைக்கு வாங்குகிறோம். அந்த விலையிற் பாதி பணம். மறுபாதி பிள்ளையின் வாரம்.

சம்பளம் போதாமையால் ஆசிரியர் சிலர் ஞாயிறு வகுப்புக்குச் செல்கின்றனர் என்பது உண்மையே. சம்பளத்துக்காகத் தொழிற்சங்கத்திற் போராடுவோம். பிள்ளைகளின் ஞாயிற்றை விற்று நமது குறையை நிரப்புதல் நீதியாகாது.

எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் நம் விருப்பத்துக்கு என்பதே 1886இல் சிக்காகோத் தொழிலாளரை வீதிக்கு அழைத்த கோரிக்கை. மே தினத்தில் அதை முழங்கும் நாம், மூன்றாவது எட்டு மணி நேரத்தை மாணவனுக்கு மறுப்பது எந்தத் தத்துவம்? அந்த நேரத்திலேதான் மனிதன் தான் விரும்பியதைப் படிக்கிறான், பார்க்கிறான், ஆடுகிறான், சிந்திக்கிறான். சிந்திக்க நேரமற்றவனை ஆள்வது எளிது.

ஆசிரியத் தோழர்களே, ஞாயிறு வகுப்புகளை நடத்த மறுப்போம். மாணவர்களே, வாசிகசாலையின் கதவைத் தட்டுங்கள். மைதானத்தில் அந்த ஆறு பேரையும் சேருங்கள். வாரம் உழைப்பவனுக்கும் கற்பவனுக்கும் சொந்தம். அதை மீட்பதும் நமது போராட்டமே.