தாடை மூட்டு வலிக்கு ஊசி தேவையா?

முழங்கால் வலித்தால் மருத்துவரை நாடும் நாம், காதின் முன்புறம் அமைந்துள்ள தாடை மூட்டினை நினைப்பதே இல்லை. உண்ணவும் பேசவும் பாடவும் உதவும் அம்மூட்டின் குருத்தெலும்பும் வயது ஏற ஏறத் தேய்வதுண்டு. காலையில் தாடை விறைத்திருத்தல், மெல்லும்போது வலித்தல், மணல் அரைபடுவது போன்ற ஓசை ஆகியவை இதன் அறிகுறிகள்.

"ஊசி போட்டால் குணமாகிவிடுமா?" எனப் பலர் வினவுகின்றனர். மூட்டினுள் செலுத்தப்படும் மருந்துகளுள் ஒன்று ஸ்டீராய்டு. அது அழற்சியைத் தணிக்கும். அடிக்கடி போட்டால் குருத்தெலும்பையே கெடுக்கக்கூடும். மற்றொன்று ஹையலூரானிக் அமிலம். மூட்டு நீருக்கு வழவழப்பைத் தருவது இதுவே. 1934-ஆம் ஆண்டு கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் இரு அறிஞர்கள் மாட்டின் கண்ணிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். மூன்றாவது, மூட்டைக் கழுவும் முறை. 1991-இல் நிட்சான் முதலிய மருத்துவர்கள் இதனை விளக்கினர். அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து இரண்டு ஊசிகளைச் செருகுவர். ஒன்றின் வழியே உப்பு நீரைப் பாய்ச்சி, மற்றதன் வழியே வெளியேற்றுவர்.

இவற்றால் சிலருக்குச் சில மாதங்கள் வலி குறையும். வாயும் நன்கு திறக்கும். ஆயினும் தேய்ந்த குருத்தெலும்பு இவற்றால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. 2023-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பன்னாட்டு வழிகாட்டி, நாட்பட்ட தாடை வலிக்குத் தாடைப் பயிற்சியையும் மனநல ஆலோசனையையுமே முதன்மையாகப் பரிந்துரைத்தது. இவ்வூசிகளைப் பெரும்பாலோர்க்கு அது பரிந்துரைக்கவில்லை.

ஆகவே, காஞ்சிபுரத்தில் தறிக் கூலியை நம்பி வாழும் குடும்பத்தார் ஊசிக்கெனக் கடன் வாங்குமுன் எளிய வழிகளைக் கைக்கொள்வது நன்று. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கஞ்சி, இட்லி போன்ற மெதுவான உணவை உண்ணுங்கள்; முறுக்கையும் கரும்பையும் சில வாரங்கள் தவிருங்கள். கொட்டாவி விடும்போது தாடையைக் கையால் தாங்குங்கள். வேலையில் ஆழ்ந்திருக்கையில் பற்களை இறுகக் கடிக்கும் வழக்கம் இருப்பின் விட்டுவிடுங்கள். பல் மருத்துவர் கற்பிக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்யுங்கள். இவற்றுக்குப் பின்னும் வாய் திறக்க இயலாது வருந்துவோர், 1953-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கருத்துக் கேட்கலாம்.

பாக்கும் புகையிலையும் மெல்லுவோர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். மூன்று விரல் நுழையுமளவு வாய் திறக்கவில்லையெனில், அது மூட்டுத் தேய்வாக இல்லாமல், வாயின் உட்பரப்பு இறுகும் நோயாக இருக்கலாம். அது புற்றுநோயாக மாறவும் கூடும். அவ்வாறாயின் ஒத்தடத்தில் நாளைக் கழிக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.