குத்துச்சண்டை வளையத்தில் மரபணுச் சோதனை: சாந்திக்குக் கிடைக்காத துணை

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எனத் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் வட சென்னையில், குத்துச்சண்டை உழைக்கும் மக்களின் தன்மானத்தோடு பிணைந்த விளையாட்டு. இன்று அங்குப் பெண்களும் கையுறை அணிகின்றனர். ஒரு பதக்கம் அவர்களுக்கு அரசு வேலையாக, குடும்பத்தின் விடியலாக அமையக்கூடும். ஆனால் பன்னாட்டு வளையத்தில் ஏற இனி வெற்றி மட்டும் போதாது.

2025 மே மாதம் 'வேர்ல்டு பாக்ஸிங்' அமைப்பு, 18 வயதைக் கடந்த போட்டியாளர்களுக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. ஆண்பால் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு உள்ளதா என்பதே சோதனை. அதை நடத்தும் பொறுப்பு அந்தந்த நாட்டுக் கூட்டமைப்புகளைச் சேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த உலகப் போட்டியில், சோதனை முடிவுகள் உரிய நேரத்தில் வராததால் பிரான்சின் வீராங்கனைகள் களமிறங்க இயலவில்லை.

இவ்விவாதம் சூடுபிடித்தது நம் நாட்டில்தான். 2023-இல் புது தில்லியில் நடந்த உலகப் போட்டியில் அல்ஜீரியாவின் இமான் கெலிஃபும் தைவானின் லின் யூ-டிங்கும் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இருவரும் தங்கம் வென்றபோது, உலகெங்கிலுமிருந்து அவர்கள்மீது வசை பொழியப்பட்டது.

விதியை ஆதரிப்போரின் கவலையை நாம் புறந்தள்ளவில்லை. ஓட்டத்தில் தோற்பவர் பதக்கத்தை இழக்கிறார்; குத்துச்சண்டையில் தலையிலும் அடி விழுகிறது. அந்த அடியைத் தாங்குபவரும் நம் குடியிருப்புப் பெண்ணாக இருக்கலாம். ஆயினும் இச்சோதனை வலிமையை அளப்பதில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சோதிக்கப்பட்ட 3,387 பெண்களில் 8 பேருக்கு இம்மரபணு இருந்தது. அவர்களில் 7 பேரின் உடல், ஆண்பால் இயக்குநீரை முழுமையாகவோ ஓரளவோ ஏற்காத இயல்புடையது. எண்மரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். புதிய விதியிலும் வல்லுநர் ஆய்வுக்கும் மேல்முறையீட்டுக்கும் இடமுண்டு. அந்த மேல்முறையீடு யாருக்கு எட்டும் என்பதே நம் கேள்வி.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர்களான தலித் பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. அவரது அந்தரங்க மருத்துவ விவரம் தலைப்புச் செய்தியானது. பின்னாளில் அவர் சூளை வேலைக்கே திரும்ப நேர்ந்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2014-இல் ஒடிசாவின் டூட்டி சந்த் இதே வகை விதியால் தடைசெய்யப்பட்டார். அவரும் ஏழை நெசவாளரின் மகளே. ஆனால் அவருக்கு வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் துணைநின்றனர். விளையாட்டுக்கான நடுவர் மன்றம் 2015-இல் அவ்விதியை நிறுத்திவைத்தது. டூட்டி மீண்டும் ஓடினார். சாந்தியோ தனித்து விடப்பட்டார். தலித் பெண்ணின் உடலைக் கூசாமல் ஆராயவும் அலசவும் பழகிய சமூகம், அவருக்காக வழக்காட முன்வரவில்லை.

இடைப்பாலினக் குழந்தைகள்மீது தேவையற்ற பாலின அறுவை சிகிச்சை செய்வதை 2019-இல், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, தமிழ்நாடு தடைசெய்தது. குழந்தையின் உடலைக் காத்த அரசு, வளர்ந்த வீராங்கனையை ஆய்வகத்தின் வாசலில் தனியே விடலாகாது. சோதனைக்கு முன்பே தமிழில் முழு விளக்கமும் உளவியல் ஆலோசனையும் தரப்பட வேண்டும். முடிவு அவருக்கும் அவர் ஒப்பும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். மேல்முறையீட்டுச் செலவை அரசு ஏற்க வேண்டும். தகுதியிழந்தாலும் அதுவரை வென்றவற்றின் பேரிலான உதவித்தொகையும் வேலை ஒதுக்கீடும் நீடிக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பன்னாட்டு அமைப்பின் ஒப்புதல் தேவையில்லை. விதி சரியா தவறா என்ற வாதம் தொடரட்டும். அதுவரை, காசிமேட்டிலிருந்து வளையத்துக்குச் செல்லும் பெண் மற்றொரு சாந்தியாகத் திரும்பாதிருக்க இவ்வளவேனும் செய்ய வேண்டும்.