மென்பொருளும் காலவழுவும்

மென்பொருளில் நேரும் பிழையை ஆங்கிலத்தில் 'பக்' என்பர். தமிழ்க் கணிமையர் அதற்கு 'வழு' என்ற பழஞ்சொல்லையே வழக்கில் கொண்டுவந்தனர். பொருத்தமான தேர்வு அது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாக வகுத்தவர்கள் நம் இலக்கண நூலார். வணிக நிறுவனங்களுக்கென்று தனியே செய்தளிக்கப்படும் இணையச் செயலிகள் சில எவ்வாறு வீழ்ந்தன என்று படிக்கும்போது, அவற்றின் வழு நிரலில் தோன்றுவதற்கு முன்பே மொழியில் தோன்றிவிட்டது என்ற எண்ணமே நமக்கு வலுக்கிறது.

ஆயத்த ஆடை வாங்குவது வேறு. தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வது வேறு. தனிப்பயன் செயலி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இங்கே அளவுச்சீட்டாக இருப்பது தேவைகள் ஆவணம். வணிகர் தம் தொழிலின் மொழியில் பேசுகிறார். பொறியாளர் தரவின் மொழியில் கேட்கிறார். இருவருக்கும் இடையே நிற்பது அந்த ஆவணம் ஒன்றே. சோதனை என்பது அந்த ஆவணத்தின் சொல்லையும் செய்து முடித்த பொருளையும் அருகருகே வைத்து ஒப்பு நோக்குவது. சொல் தெளிவாக இல்லையெனில் எதனோடு ஒப்பிடுவது?

வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ் தன் இணையத்தளத்தையும் கைப்பேசிச் செயலியையும் புதிதாக அமைக்க 2016இல் அக்செஞ்சரை அமர்த்தியது. 2017 டிசம்பரில் தொடங்கவேண்டிய தளம் இருமுறை தள்ளிப்போடப்பட்டும் வெளிவரவில்லை. 2019 ஏப்ரலில் ஹெர்ட்ஸ் 3 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் கேட்டு வழக்குத் தொடுத்தது. திரையின் அளவுக்கேற்பத் தளம் தன்னை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும் என்பது உடன்பாடு. ஆயினும் கையேட்டுக் கணினிக்குரிய நடுத்தர அளவு விடுபட்டது, அதைச் செய்யக் கூடுதல் பணம் கேட்கப்பட்டது, சோதனைகளும் போதுமானவையாக இல்லை என்பன ஹெர்ட்ஸின் குற்றச்சாட்டுகளுட் சில. அக்செஞ்சர் அவற்றை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது நம் பொருளன்று. ஒரு சொல் எதுவரை பொருள் தரும் என்று முதல் நாளே உரை எழுதிக்கொள்ளாததன் விலையை இவ்வழக்கு காட்டுகிறது என்பதே நாம் கருதத்தக்கது.

இதனினும் கடுமையான பாடம் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியுடையது. அவ்வங்கி லாய்ட்ஸ் குழுமத்தின் கணினி அமைப்பைச் சார்ந்து இயங்கிவந்தது. 2015இல் ஸ்பெயின் நாட்டின் சபாடெல் வங்கி அதனை வாங்கிய பின், சபாடெலின் தொழில்நுட்ப நிறுவனமான சாபிஸ் அதற்கென ஒரு புதிய அமைப்பை உருவாக்கியது. 2018 ஏப்ரல் 22 அன்று ஏறத்தாழ 52 லட்சம் வாடிக்கையாளரின் கணக்குகள் அதற்கு மாற்றப்பட்டன. தரவு பழுதின்றி வந்து சேர்ந்தது. அதைத் தாங்கவேண்டிய அமைப்பு தாங்கவில்லை. 19 லட்சம் பேர் வரை தம் கணக்கைத் திறக்க இயலாமல் தவித்தனர். பிறர் கணக்கு தம் திரையில் தெரியக் கண்டவரும் உண்டு. நிலைமை முழுதும் சீராக அவ்வாண்டு டிசம்பர் வரை ஆயிற்று. 2022இல் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு.

நிகழ்ந்ததை ஆராய்ந்த ஸ்லாட்டர் அண்ட் மே சட்ட நிறுவனத்தின் அறிக்கை 2019 நவம்பரில் வெளிவந்தது. முடிவு நாளை முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் தீட்டியதை அது சுட்டுகிறது. இரண்டு தரவு மையங்கள் சேர்ந்து இயங்கவேண்டிய அமைப்பில், சுமை தாங்கும் திறனறியும் சோதனை ஒரு மையத்தில் மட்டுமே நடந்தது. இயக்குநர் குழு கேட்டிருக்கவேண்டிய வினாக்களைக் கேட்கவில்லை. இலக்கண நூலாரின் பட்டியலில் வினாவழுவும் இடம்பெறுகிறது. ஆனால் கேட்கப்படாத வினாவுக்கு அவர்கள் பெயரிடவில்லை.

நம்மை மிகவும் நிறுத்திச் சிந்திக்கவைத்தது வேறொன்று. சாபிஸ் 80க்கும் மேற்பட்ட துணை நிறுவனங்களை நம்பியிருந்தது. அமைப்பு ஆயத்தம் என்பதற்குச் சான்றாக அளிக்கப்பட்ட எழுத்துகளிற் பல, நடந்து முடிந்த வேலையைக் கூறவில்லை. நல்லெண்ணத்தையும் எதிர்பார்ப்பையுமே கூறின. எதிர்காலத்தில் எழுதப்பட்டவை இறந்தகாலமாகப் படிக்கப்பட்டன. போதிய உறுதி பெறாமல் விட்டதற்காக வங்கியின் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்கே 2023இல் 81,620 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு வினைமுற்றின் காலத்தைக் கவனியாது போனதற்கு இத்தனை விலை கொடுத்தவர் உலகில் அரியர்.

நம் இலக்கணம் காலவழுவையும் அறியும், அதன் அமைதியையும் அறியும். வாயிலில் நின்று அழைப்பவருக்கு, இன்னும் சட்டை மாட்டிக்கொண்டிருப்பவர் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறார். விரைவு கருதி இலக்கண நூலார் இதை ஏற்றனர். கேட்பவர்க்கும் உண்மை தெரியும், ஆகவே கேடில்லை. மென்பொருள் ஒப்பந்தத்தில் 'சோதனை முடிந்துவிட்டது' என்று சொல்லப்படும்போது கேட்பவர்க்கு உண்மை தெரியாது. அங்கே அமைதி கூற எவருக்கும் உரிமை இல்லை.

வழுவே இல்லாத மென்பொருள் எங்கும் இல்லை, எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டிருந்தால் எதுவும் வெளிவராது என்று துறையினர் கூறுவர். மெய்தான். தெரிந்த குறைகளோடு வெளியிடுவது சில நேரம் அறிவுடைமையும் ஆகும். ஆனால் வழுவமைதிக்கு ஒரு நெறி உண்டு: இன்ன வழு, இன்ன காரணத்தால் ஏற்கப்பட்டது என்று வெளிப்படச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டது அமைதி ஆகாது, மறைப்பே ஆகும். நாள் நெருங்க நெருங்கக் குறைக்கப்படுவது சோதனைக்கான காலமே என்பதால், எது சோதிக்கப்படவில்லை என்பதும் எது சோதிக்கப்பட்டதோ அதற்கு நிகராக எழுத்தில் வரவேண்டும்.

செயலி செய்யப் பணம் கொடுப்பவர் நிரல் கற்கவேண்டியதில்லை. தம்மிடம் நீட்டப்படும் சான்றிதழின் வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை அடிக்கோடிடட்டும். 'செய்தோம்' எத்தனை, 'செய்வோம்' எத்தனை, 'செய்யப்படும்' என்று எழுவாய் மறைந்தவை எத்தனை என்று எண்ணட்டும். இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டா. கூர்ந்து படிக்கும் பழக்கம் போதும். அப்பழக்கத்தை ஊட்டும் இலக்கண வகுப்பைப் பயனற்றது என்று கருதுவோர், ஒரு வாரயிறுதியில் தம் சேமிப்பைக் காணாது திகைத்த அந்த லட்சக்கணக்கானோரை நினைத்துப் பார்ப்பது நல்லது.