பட்டினி அழகுமல்ல, பண்புமல்ல

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. பட்டம் என்னும் சித்திரத்தை எழுத வந்திருக்கும் மாணவியராகிய நாம், உடல் என்னும் சுவரைப் பற்றி எவ்வளவு சிந்திக்கிறோம்?

நம் பகுதியில் இருவகைப் பட்டினி உண்டு. "உடம்பு இளைக்க வேண்டும்" என்று மாணவியர் சிலர் தாமாக மேற்கொள்வது ஒன்று. தீப்பெட்டி ஆபீசுக்கும் பயர் ஆபீசுக்கும் விடியற்காலையில் வண்டியேறும் நம் தாய்மார்களின் பட்டினி மற்றொன்று. செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் அவர்கள் நிதானமாக அமர்ந்து உண்பதில்லை. இரவிலும் எல்லோரும் உண்டபின், என் தாயார் உட்பட, மீந்ததை உண்கிறார்கள். முன்னதை நாகரிகம் என்கிறோம். பின்னதைத் தியாகம் என்கிறோம். பெயர் எதுவானாலும் உடலுக்குத் தெரிந்தது பசி ஒன்றுதான்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் எடை குறைந்தவர்கள் 12.6 சதவீதம்; எடை மிகுந்தவர்கள் 40.4 சதவீதம். இரத்தசோகை உள்ளவர்களோ 53.4 சதவீதம்! அப்படியானால் சோகையுள்ள பெண்களில் பெரும்பாலோர் ஒல்லியானவர்கள் அல்லர். பார்வைக்குப் பூரிப்பாக இருப்பவளுக்கும் இரத்தம் குறைவாக இருக்கலாம். வயிறு நிறையச் சோறு உண்டாலும், பருப்பும் கீரையும் முட்டையும் சேராவிட்டால் எடைதான் ஏறும், இரத்தம் ஊறாது. எடைக் கருவி முழு உண்மையைச் சொல்வதில்லை.

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பமில்லாத பெண்ணுக்குச் சோகை என்பது மருத்துவக் கணக்கு. ஹீமோகுளோபினுக்கு இரும்புச் சத்து வேண்டும். உணவோடு தேநீர் குடித்தால் அச்சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடும். தேநீரும் பன்னும் காலை உணவாகிவிட்ட நமக்கு இது பாடநூலில் மட்டும் இருந்தால் போதுமா?

மெலிய வேண்டும் என்ற வேட்கை முற்றினால் அது நோயாகும். 'அனோரெக்சியா நெர்வோசா' என்னும் அந்நோயால் வாடிய அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர், 1983ஆம் ஆண்டு தம் 32ஆம் வயதில் இதயம் செயலிழந்து மறைந்தார். புகழும் செல்வமும் அவரைக் காக்கவில்லை. இது பிடிவாதமன்று, மருத்துவரிடம் காட்ட வேண்டிய மனநோய். தோழியை "குண்டு" என்றும் "குச்சி" என்றும் கேலி செய்யும் நண்பர்களே, உங்கள் விளையாட்டுச் சொல் ஒருத்தியின் உணவைத் தட்டிப் பறிக்கலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

விருதுநகர் ஈன்ற காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கண்டார். 2022இல் காலை உணவும் வந்தது. பசித்த வயிற்றில் படிப்பு ஏறாது என்பதை இந்த மண் அறியும். ஆனால் அத்திட்டங்கள் பள்ளியோடு நின்றுவிடுகின்றன. முதல் பேருந்தைப் பிடிக்கச் சாப்பிடாமல் ஓடிவரும் கல்லூரி மாணவிக்குப் பசி நின்றுவிட்டதா?

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஆண்டுக்கொருமுறை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையோடு மாணவியர் அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும். சிற்றுண்டிச் சாலையில் சுண்டலும் அவித்த முட்டையும் குறைந்த விலையில் கிடைக்க வேண்டும். முதல் பாடவேளை முடிந்ததும் உண்பதற்குக் கால்மணி நேரம் வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்றே ஒன்று: இன்றிரவு உங்கள் வீட்டில் அம்மாவையும் உடன் அமர்த்தி உண்ணுங்கள். தலைமுறையில் முதல் பட்டம் பெறப்போகும் நாம், கடைசியில் உண்ணும் வழக்கத்துக்கும் முடிவு கட்டுவோம்.