பாட்டன் டாங்கியின் வடுக்கள்

1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் களத்தில் வீழ்ந்த எம்-48 பாட்டன் டாங்கியை 35-ல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக்கில் செய்யும் நம் இளைஞர்கள், அதன் உடலெங்கும் தகரம்போற் கிழிந்த பெருந்துளைகளை இட்டுவிடுகின்றனர். வார்ப்பு எஃகு அவ்வாறு கிழியாது. ஜீப்பிலிருந்து அப்துல் ஹமீது இயக்கிய 106 மில்லிமீட்டர் பீரங்கியின் குண்டு, வெடிப்பில் எழும் தாரையால் கவசத்தைத் துளைப்பது. வெளியே தெரிவது கட்டைவிரற் பருமனுள்ள துவாரமே. மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இராது! காய்ச்சிய குண்டூசி போதும். நம் செஞ்சூரியன் டாங்கிகளின் திண்குண்டு பட்ட இடத்திலோ விளிம்பு பிதுங்கிய வட்டத் துளை. சறுக்கிச் சென்ற இடத்தில் நீண்ட பள்ளம். கிழிசலை, சக்கரத்தின் மேலுள்ள மெல்லிய தகட்டிற்கு வைத்துக்கொள்க. தேயிலைப் பொட்டணத்து ஈயத்தாள் அதற்கு உதவும்.

எரிந்த வண்டியெனில் கணக்கே வேறு. வண்ணம் பொரிந்துதிர, சில நாட்களிலேயே செம்மஞ்சள் துரு படியும். சக்கரத்து ரப்பர் கருகி மறையும். முறுக்குத் தண்டுகள் சூட்டில் வலுவிழக்க, வண்டி தாழ்ந்து அமரும். கரிச்சாயத்தை மட்டும் அப்புவது சோம்பல்.

இவ்வண்டியினுள் நால்வர் இருப்பர். மேல்மூடிகள் திறந்தவையா, மூடியவையா என்பதை வண்ணம் தீட்டுமுன்னரே முடிவு செய்தல் வேண்டும். திறந்த மூடி, அவர்கள் தப்பியிருக்கலாம் என்று சொல்லும். நாம் திறந்தே வைக்கிறோம்.